மெல்லத் துடித்த நாடிகள்: யாழ்ப்பாணமும் இதயக் கடத்தற்றடையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடந்த நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் வைத்தியம் கற்றவர்களதும் அங்கேயே நின்று பணிபுரிந்தவர்களதும் நினைவில், இதயத்தின் மின்கடத்தலில் ஏற்படும் தடை என்னும் நோய்க்கு மிகப் பெரிய இடம் உண்டு. உலகின் பிற பகுதிகளில் அது பெரும்பாலும் முதுமையின் நோய். எழுபதைக் கடந்தவர்களின் மயக்கமாகவும் காரணம் தெரியாத களைப்பாகவும் அது வைத்தியரிடம் வந்து சேரும். குடாநாட்டிலோ அதே நோய் பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் தென்பட்டது. அடுத்தடுத்த கட்டில்களில் ஒரு முதியவரும் ஒரு பாடசாலை மாணவியும் நிமிடத்துக்கு நாற்பதுக்குக் குறைந்த நாடித்துடிப்போடு படுத்திருந்த விடுதிகளை அக்கால மாணவர்கள் இன்றும் மறந்துவிடவில்லை. முதியவரின் இதயத்தில் நார்கள் தேய்ந்திருந்தன. மாணவியின் இதயமோ எந்தக் குறையும் இல்லாதது. அதன் கடத்தலை நிறுத்தியது வேலியோரத்து அலரி.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ‘இருதயத்தில் புளொக்’ என்று ஊரில் சொல்லப்படுவது, இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடிகளில் கொழுப்புப் படிந்து ஓட்டம் குறைவதையே குறிக்கும். இங்கு பேசப்படுவது அதுவன்று. குருதிக் குழாய்கள் யாவும் திறந்திருக்க, இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின்கணத்தாக்கம் மேலிருந்து கீழே வந்து சேராமற் போவதே கடத்தற்றடை. முன்னையதற்கு மருந்தும், குழாயை விரிக்கும் சிகிச்சையும், மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. பின்னையதற்கு இவற்றால் பயனில்லை.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சோணைகள் என்றும், கீழறைகள் இரண்டும் இதயவறைகள் என்றும் பெயர்பெறும். வலச் சோணையின் மேற்புறத்தில், உடலின் மேற்பாகத்துக் குருதியைக் கொண்டுவரும் பெருநாளம் வந்து திறக்குமிடத்தை ஒட்டி, குடாச்சோணைக்கணு என்னும் சிறிய இழையத்திரள் உள்ளது. அது மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை மின்கணத்தாக்கத்தை எழுப்புகிறது. நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கின்றன. இக்கணத்தாக்கம் இரு சோணைகளிலும் பரவி அவற்றைச் சுருங்கச் செய்தபின் இதயவறைகளை அடைய வேண்டும். ஆனால் சோணைகளையும் இதயவறைகளையும் மின்னைக் கடத்தாத நாரிழைய வளையம் ஒன்று பிரித்து நிற்கிறது. சுற்றிவரக் கிடுகுவேலி அடைத்த வளவுக்கு ஒரேயொரு படலை வைத்ததுபோல, அந்த வளையத்தில் ஒரேயோர் இடத்திலேயே வழி விடப்பட்டிருக்கிறது. அவ்விடத்தில் அமைந்துள்ள சோணையிதயவறைக் கணு, வந்த கணத்தாக்கத்தை ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் தாமதித்தே கீழே விடுகிறது. சோணைகள் சுருங்கித் தள்ளும் குருதியால் இதயவறைகள் முற்றாக நிரம்புவதற்கு இத்தாமதம் தேவை. கணுவைக் கடந்தபின் ஹிஸ்ஸின் கட்டு என்னும் நார்க்கற்றை வழியாகவும், அதன் வல, இடக் கிளைகள் வழியாகவும், இறுதியில் புர்க்கிஞ்சி நார்கள் வழியாகவும் மின் விரைந்து பரவ, இரு இதயவறைகளும் ஏறத்தாழ ஒரே கணத்தில் சுருங்கி நாடியை எழுப்புகின்றன.

இவ்வமைப்பை மனிதர் அறிந்துகொண்டு அதிக காலம் ஆகவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவக் கல்வியையும் நிறுவிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று உறுதியாக நம்பி, தம் மாணவரோடு சேர்ந்து நூல் நூலாகத் தமிழாக்கியவர். 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவ்வரிசையில் ஒன்று. அக்காலத்து உடற்கூற்று நூல் எதிலும், எம்மொழியிலும், இதயத்தின் மின்வழி முழுமையாகக் காட்டப்பட்டிருக்க முடியாது. நார்களின் கடைசிக் கிளைகளைச் செக் நாட்டவரான புர்க்கிஞ்சி 1839இலேயே கண்டிருந்தபோதிலும் அவை எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுவிலுள்ள கட்டினை வில்ஹெல்ம் ஹிஸ் கண்டது 1893இல். அப்போது கிறீன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜேர்மனிக்குக் கற்கச் சென்ற யப்பானியர் சுனாவோ தவாரா, கணுவையும் கட்டினையும் கிளைகளையும் ஒன்றோடொன்று தொடுத்து முழு வழியையும் 1906இல் விளக்கினார். அடுத்த ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் குடாச்சோணைக்கணுவைக் கண்டனர். கீழிருந்து மேலாக, முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி இந்த அறிவு வளர்ந்தமை கவனிக்கத்தக்கது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் கைதடியில் ஆயுர்வேத வைத்தியசாலை வளவில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால மாணவர்கள் நகரின் நடுவிலுள்ள போதனா வைத்தியசாலையில், மக்கள் வாயில் ‘பெரியாஸ்பத்திரி’ என்று வழங்குமிடத்தில், நோயாளரின் கட்டிலருகே கற்ற பாடங்களுள் முதன்மையானது நாடி பிடித்தல். கருவி வருமுன் விரல் பேச வேண்டும் என்பது ஆசிரியர்களின் கண்டிப்பு. பெருவிரலைத் தவிர்த்து மற்ற மூன்று விரல்களால் மணிக்கட்டின் ஆரைநாடியைத் தொட்டு, கால் நிமிடத்தை எண்ணி நான்கால் பெருக்குவதற்கு அங்கு இடமில்லை. முழு நிமிடமும் எண்ண வேண்டும், ஏனெனில் விடுபடும் துடிப்பு எண்ணாத முக்கால் நிமிடத்தில் வரக்கூடும். இக்கண்டிப்புக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. டச்சு வைத்தியர் வெங்கபாக், துடிப்புகளுக்கிடையே ஒழுங்கான ஒரு விடுபாடு மீண்டும் மீண்டும் வருவதை 1899இல் கண்டறிந்தபோது இதய மின்வரைபுக் கருவி உலகில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. நாடியின் அசைவைப் பதிந்த கோடுகளை அளந்தே அவர் அதனைக் கண்டார். அயிந்தோவன் என்பவர் உருவாக்கிய மின்வரைபு அதன்பின் சில ஆண்டுகளில் வந்து, விரல் அறிந்ததைத் தாளில் காட்டிற்று.

கடத்தற்றடையை மூன்று படிகளாக வகுப்பது வழக்கம். முதற்படியில் எந்தத் துடிப்பும் விடுபடுவதில்லை. சோணையிலிருந்து இதயவறைக்கு மின் சேரும் நேரம் மட்டும் நீள்கிறது. மின்வரைபில் அது செக்கனின் ஐந்திலொரு பங்கைத் தாண்டும். வாதக்காய்ச்சல் வந்த சிறுவர்களின் மின்வரைபில் இந்த நீட்சி அடிக்கடி காணப்பட்டதனால், தொண்டை நோவும் மூட்டு வீக்கமுமாக வரும் பிள்ளைக்கு அந்தக் காய்ச்சலே என்பதற்கு அது ஒரு துணைச்சான்றாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் படியில் சில கணத்தாக்கங்கள் கீழே வருவதில்லை. அதில் ஒரு வகை வெங்கபாக் கண்டது: தாமதம் துடிப்புக்குத் துடிப்பு கூடிக் கூடி, இறுதியில் ஒன்று விடுபட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும், இது பெரும்பாலும் கணுவிலேயே ஏற்படுவது, ஆபத்துக் குறைந்தது. மற்ற வகையை மோபிற்ஸ் 1924இல் பிரித்துக் காட்டினார்: எந்த முன்னறிவிப்பும் இன்றித் திடீரென ஒரு துடிப்பு விடுபடும், தடை கணுவுக்குக் கீழே, கட்டிலோ கிளைகளிலோ இருக்கும், அது எந்நேரமும் மூன்றாம் படிக்கு, அதாவது முழுத்தடைக்குச் சென்றுவிடக்கூடியது.

முழுத்தடையில் சோணைகள் தம்பாட்டில் நிமிடத்துக்கு எழுபது, எண்பது என்று துடிக்க, அவற்றோடு எத்தொடர்பும் அற்ற இதயவறைகள் தமக்குள்ளிருக்கும் மாற்று ஊற்றொன்றிலிருந்து நிமிடத்துக்கு இருபது முதல் நாற்பது வரை மெல்லத் துடிக்கின்றன. இதனைக் கருவியின்றிக் கண்ணால் காணலாம் என்பதை மாணவர்கள் நம்ப மறுத்த காலமும், பின் கண்டு வியந்த காலமும் உண்டு. நோயாளியைச் சாய்வாக இருத்தி, யன்னல் வெளிச்சம் கழுத்தில் பக்கவாட்டாக விழும்படி செய்து, கழுத்து நாளத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தால், நாளத்தின் சிற்றசைவுகள் விரைவாகவும் நாடி அவற்றுக்கு இயைபின்றி மெதுவாகவும் இருப்பது புலப்படும். இடையிடையே சோணையும் இதயவறையும் தற்செயலாக ஒரே கணத்தில் சுருங்கும்போது, மூடிய வால்வில் மோதிய குருதி மேல்நோக்கி எறியப்பட்டுக் கழுத்தில் ஒரு பெரிய அலை துள்ளும். அதற்குப் பீரங்கி அலை என்று பெயர். மார்பில் குழாயை வைத்துக் கேட்டால் இதயத்தின் முதல் ஒலி ஒரு தடவை மெல்லியதாகவும் மறு தடவை உரத்ததாகவும் மாறி மாறி வரும். இரண்டு ஆட்சிகள் ஓருடலில் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதை இப்படிக் கண்ணும் காதும் விரலும் சேர்ந்து கண்டுகொண்ட மாணவர், அதன்பின் அந்நோயை மறப்பதற்கில்லை.

அலரியின் கதையைத் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மஞ்சட்பூப் பூக்கும் அந்தச் சிறுமரம் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தது. பூசைக்குப் பூ வேண்டியும் ஆடு மாடு கடிக்காத வேலியாகவும் வளர்க்கப்பட்டது. வீட்டுக்கு வீடு நின்ற அம்மரத்தின் நஞ்சு, 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த துயர மரணங்களைப் பற்றிய செய்தி பரவியபின், மனமுடைந்த இளையோரின் கைக்கு எட்டும் ஒன்றாக ஆகிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் விடுதிகளுக்கு வருவோர் தொகை பன்மடங்காயிற்று. மருத்துவ பீடத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 170 நோயாளரை ஆராய்ந்து 1988இல் ஓர் அனைத்துலகச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே இத்துயரத்தை வெளியுலகுக்கு விரிவாகக் காட்டியவற்றுள் முன்னோடி. பின்னர் வடமத்திய மாகாணத்துக்கும் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் இது பரவி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தது.

அந்நஞ்சு செயற்படும் முறை, 1785இல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் நூலாக எழுதிய டிஜிற்றாலிஸ் மூலிகையின் செயலை ஒத்தது. உயிர்க்கலத்தின் மென்சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி ஒன்று இடையறாது இயங்குகிறது. இதயக்கலம் மின்னேற்றம் பெறுவதே அதனால்தான். நஞ்சு அந்தப் பம்பியை நிறுத்துகிறது. பொற்றாசியம் குருதியில் கூடுகிறது. அதோடு இதயத்தை அடக்கும் வேகசு நரம்பின் ஆற்றலும் மிகுகிறது. குடாச்சோணைக்கணு தளர்கிறது, சோணையிதயவறைக் கணு கடத்த மறுக்கிறது, ஒரே நோயாளியில் ஒரே இரவுக்குள் முதற்படியும் இரண்டாம் படியும் முழுத்தடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். பாடநூலில் தனித்தனிப் பக்கங்களில் இருப்பவை ஒரே தாட்சுருளில் அடுத்தடுத்து வரக்கண்ட யாழ்ப்பாண மாணவர்கள், கடத்தற்றடையை மின்வரைபில் வாசிப்பதில் பெற்ற தேர்ச்சி இப்படி வந்ததுதான். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை பிள்ளைகளின் உயிர் என்பதை அவர்கள் அறிவார்கள். அந்தத் தேர்ச்சியைப் பற்றி அவர்களுள் எவரும் பெருமையாகப் பேசக் கேட்டதில்லை.

அவ்விரவுகளின் கொடுமை, நோயாளர் தெளிந்த அறிவோடு இருந்ததே. நஞ்சு மூளையை மயக்குவதில்லை. காலையில் தாயோடு நடந்த வாக்குவாதத்தை எண்ணி அழுதுகொண்டும், இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று தாதியிடம் சொல்லிக்கொண்டும், வாந்தியின் களைப்போடு பேசிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் நாடி, பேச்சின் நடுவே நின்றுபோனதைக் கண்டவர்கள் உண்டு. சாக வேண்டும் என்ற உறுதியோடு வந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் ஒரு கணத்து வேதனையின் கையில் அகப்பட்டவர்கள், பிழைத்தபின் வாழ்ந்தவர்கள். அந்தக் கணத்தைக் கடக்க ஒருவரோடு பேசக் கிடைப்பதே போதுமானதாக இருக்கிறது என்பது விடுதிகளில் நின்றவர்களின் திடமான எண்ணம். இன்று இலங்கையில் 1926 என்னும் தேசிய உளநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்க முடிகிறது. அன்று அது இருக்கவில்லை.

சிகிச்சையாகக் கிடைத்தவை சில. அற்றோப்பீன் ஊசி வேகசு நரம்பின் பிடியைத் தளர்த்தி நாடியைச் சற்று உயர்த்தும். அது போதாதபோது, நாளத்தின் வழியாக ஒரு மெல்லிய கம்பியை வல இதயவறை வரை செலுத்தி, வெளியிலுள்ள சிறு பெட்டியிலிருந்து மின்துடிப்பைக் கொடுக்கும் தற்காலிக இதயமுடுக்கி தேவைப்பட்டது. அதற்கான வசதி கொழும்பில், தேசிய வைத்தியசாலையின் இருதயவியல் நிறுவகத்தில்தான் ஒழுங்காக இருந்தது. அவ்விடத்திலேயே எடில்ஸ்ரன் என்னும் பிரித்தானிய ஆய்வாளரும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து 66 நோயாளரில் ஒரு மாற்றுமருந்தைச் சோதித்தனர். டிஜிற்றாலிஸ் வகை மருந்தான டிஜொக்சினுக்கு எதிராகச் செம்மறியாட்டில் உருவாக்கப்பட்ட பிறபொருளெதிரியின் துண்டங்களே அம்மருந்து; அலரியின் நஞ்சு டிஜொக்சினை ஒத்த வடிவுடையதாகையால் அதனையும் அவை பற்றிக்கொண்டன. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேரின் இதயம் இரண்டு மணி நேரத்துக்குள் இயல்பான தாளத்துக்குத் திரும்பியது. பெறாத 32 பேரில் இருவருக்கே அது நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் ‘லான்செற்’ சஞ்சிகையில் வந்த அம்முடிவு அலரி நஞ்சின் வரலாற்றில் மிகப் பெரிய நற்செய்தி. ஆயின் மருந்தின் விலை ஏறியது. 2002இன் நடுவில் கையிருப்புத் தீர்ந்தது. உயிரிழப்பு விகிதம் மீண்டும் உயர்ந்ததை அதே ஆய்வாளர் அடுத்த ஆண்டில் எழுதினர். உயிர்காக்கும் என்று நிறுவப்பட்ட ஒரு மருந்து, அந்நோய் யாருக்கு வருகிறதோ அவர்களால் வாங்க முடியாதது என்ற ஒரே காரணத்தால் இல்லாமற் போனதை, மருத்துவ உலகம் இன்றும் வெட்கத்தோடு நினைக்க வேண்டும்.

முதியவர்களின் நோய் ஓசையின்றி வந்தது. வயது ஏற ஏற, வால்வுகளைத் தாங்கும் நாரிழையம் தடித்துச் சுண்ணாம்பேறி அருகிலுள்ள கடத்தும் நார்களை நெரிப்பதையும், அந்நார்கள் தாமாகவே அழிந்து தழும்பாவதையும், லெவ், லெனேக்ர என்னும் இருவர் 1964இல் தனித்தனியே விளக்கினர். நாடி மெலிந்து பல செக்கன்கள் நிற்கும்போது மூளைக்குக் குருதி செல்லாமல் ஆள் சடுதியாக விழுகிறார், முகம் வெளிறுகிறது, சிலவேளை கைகால் இழுக்கிறது, துடிப்புத் திரும்பியதும் முகம் சிவந்து, ஒன்றும் நடவாதவர்போல எழுந்து இருக்கிறார். டப்ளின் நகர வைத்தியர்களான அடம்ஸ் 1827இலும் ஸ்ரோக்ஸ் 1846இலும் எழுதிவைத்த இந்த வீழ்ச்சி, குடாநாட்டுக் கிராமங்களில் வலிப்பு என்றும், பித்தக் கிறுதி என்றும், வெயிலின் வேலை என்றும் கொள்ளப்பட்டு, தேசிக்காய்த் தண்ணீரோடு முடிந்துபோனது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரர் கிணற்றுக் கட்டில் நிற்கும்போது இது வருமானால் விளைவு எதுவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விழுந்து எழுந்த முதியவர் ஒருவரின் நாடியை முழு நிமிடம் எண்ணிப்பார்க்கும் ஒருவர் அவ்வீட்டில் இருந்தால், அவர் எத்தனையோ ஆண்டுகளை மீட்டுக் கொடுத்தவராவார்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பல மருந்துகளும் ரோச் லைற் பற்றரிகளுங்கூடத் தடுக்கப்பட்டன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம். குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றில், வடமராட்சியிலிருந்து வந்த எழுபது வயது கடந்த ஒருவர், மூன்று தடவை விழுந்தபின் கொண்டுவரப்பட்டார். நாடி 32. மின்பிறப்பாக்கி போடும் வேளைக்குக் காத்திருந்து, மின்வாய்க் களி முடிந்துபோனதால் உப்புநீரில் நனைத்த பஞ்சை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வைத்து, சூடேறிய ஊசி தாளில் கோடிட்டபோது, சோணையின் சிறு மேடுகளும் இதயவறையின் அகன்ற முகடுகளும் தொடர்பின்றி ஓடின. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சல்பியூற்றமோல் மாத்திரை நாடியைச் சிறிது உயர்த்தும் என்பதால் அதுவே கொடுக்கப்பட்டது. நாடி 40ஐத் தொட்டது. அவருக்குத் தேவையானது மெல்லிய கம்பியும் உள்ளங்கையில் அடங்கும் மின்கலமும் மட்டுமே என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவை கொழும்பில் இருந்தன.

பாதை கிளாலியில் தொடங்கியது. ஆனையிறவு வழி மூடப்பட்டிருந்தமையால், மக்கள் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, வன்னி வழியாக வவுனியாவை அடைந்து, சோதனைகளையும் அனுமதிகளையும் தாண்டிக் கொழும்பு செல்ல வேண்டியிருந்தது. கடற்படையின் சூட்டுக்கு அந்நீரேரியில் இலக்காகி மாண்டவர் பலர். நிமிடத்துக்கு நாற்பது தடவை துடிக்கும் இதயத்தோடு அப்படகில் ஏறச் சொல்வதா, விடுதியில் வைத்திருப்பதா என்ற கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் விடை இருக்கவில்லை. மகன் தூக்கிக் கொண்டுபோக, முதியவர் போனார். இப்படிப் போனவர்களுள் வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. போகாமல் விட்டவர்கள் அவர்களைவிட அதிகம்.

இதயமுடுக்கியின் வரலாறே ஒரு மின்வெட்டோடு பின்னிக் கிடப்பதை இங்கு நினைவுகூரலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சத்திரசிகிச்சையால் கடத்தற்றடை ஏற்பட்ட குழந்தைகள், சுவர் மின்சாரத்தில் ஓடும் பெரிய இயந்திரங்களில் இணைக்கப்பட்டிருந்தனர். 1957 ஒக்ரோபர் 31இல் நகரில் மின்சாரம் நின்றபோது அவர்களுள் ஒரு குழந்தை இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சத்திரசிகிச்சை நிபுணர் லில்லிகை வேண்டியதன்பேரில், ஏர்ல் பக்கன் என்னும் மின்னியலாளர் சில கிழமைகளுக்குள் பற்றரியில் இயங்கும் சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 8இல் சுவீடனில், எல்ம்க்விஸ்ற் செய்த கருவியை ஓக்கெ செனிங் என்னும் நிபுணர் ஆர்ணெ லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே பொருத்தினார். கணவனைச் சாகவிட மறுத்து இருவரையும் விடாமல் வேண்டியவர் லார்சனின் மனைவி. முதற்கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சனோ, இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி, தம் 86ஆம் வயது வரை, 2001 வரை வாழ்ந்தார். எழுபதுகளில் வந்த லிதியம் அயடீன் மின்கலம், கருவியின் ஆயுளைப் பல ஆண்டுகளாக நீட்டியது.

வடமராட்சி முதியவர் தம் இடக் காறையெலும்புக்குக் கீழே அத்தகைய ஒன்றை வைத்துக்கொண்டு சில மாதங்களில் திரும்பினார். பற்றரி கொண்டுவர அனுமதியில்லாத ஒரு நிலத்துக்கு, நெஞ்சுக்குள் ஒரு மின்கலத்தோடு அவர் வந்து சேர்ந்தபோது, அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு அயலவர் எல்லாம் கூடினர்; நாடி எண்பதும் இல்லை நாற்பதும் இல்லை, பிசகாத எழுபது. 1996க்குப் பின் சோதனைச் சாவடிகள் நிறைந்த ஆண்டுகளில், கருவியின் விபரம் எழுதிய சிறு அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தார். உலோகம் தேடும் கருவியை நெஞ்சில் வைக்க வேண்டாம் என்று காட்டுவதற்கு அது தேவைப்பட்டது. மின்கலத்தைப் பரிசோதிப்பதற்கு மறுபடியும் கொழும்பு செல்வது, கப்பலுக்கும் விமானத்துக்கும் இடம் கேட்டுக் காத்திருக்கும் வேலையாயிற்று. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி 2002 ஏப்பிரலில் திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மூடியது. போர் முடிந்தபின் 2009இல் மீண்டும் திறந்தது. அவ்வீதியின் திறப்பும் மூடலும் இதய நோயாளரின் நாட்குறிப்பில் சிகிச்சைத் தேதிகளாகவே பதிந்திருக்கின்றன.

இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலேயே இருதயவியல் பிரிவும் வடிகுழாய்க் கூடமும் உள்ளன. தடை கண்ட முதியவருக்கு உள்ளூரிலேயே சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கருவி பொருத்தப்பட்டவர் காலமானால், தகனத்துக்கு முன் அதை அகற்ற வேண்டும். சிதையின் வெப்பத்தில் லிதியம் மின்கலம் வெடிக்கும். சாவீட்டில் கிரியைகள் தொடங்குமுன் வைத்தியசாலைக்கோ குடும்ப வைத்தியருக்கோ அறிவித்தால், தோலில் ஒரு சிறு வெட்டோடு சில நிமிடங்களில் அது எடுக்கப்படும்; உடலுக்குக் குறையேதும் வருவதில்லை. இப்படி எடுக்கப்பட்டவற்றைத் தூய்மைசெய்து, மின்கலத்தில் ஆயுள் மீதமிருந்தால் வாங்க வசதியற்றவர்களுக்கு மீளப் பொருத்துவது பாதுகாப்பானது என்பதை மும்பாய் வைத்தியசாலை ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. வடமராட்சி முதியவரின் கருவியை அகற்றியபோது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று மகன் கேட்டார், அக்காலத்தில் அதற்கென்று ஓர் ஒழுங்கு அங்கு இருக்கவில்லை.